செலோரெங் துணி இறக்குமதி: எல்லாவற்றையும் ஒரே சுங்கக் கோட் எண்ணில் போடலாமா?

செந்தூல் கடை எழுதியது:
வணக்கம் எல்லாருக்கும். செந்தூலில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன், மலை ஏறுகிறவர்களுக்கும் பெயிண்ட்பால் விளையாடுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடை. இத்தனை நாள் உள்ளூர் மொத்த வியாபாரியிடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார், அதனால் இந்தத் தடவை குவாங்சோவில் இருந்து நேராக இறக்கலாம் என்று இருக்கிறேன். போர்ட் கிள்ளான் வழியாக, பல பேர் சரக்கோடு சேர்ந்து வருகிற கொள்கலனில். சரக்கு இதுதான்: செலோரெங், அதாவது ராணுவ உடுப்பு மாதிரித் திட்டுத் திட்டாக அச்சடித்த துணியில், சட்டையும் சிலுவாரும் (கால்சட்டை) ஜோடியாக, அதே துணியில் தொப்பி, மழை ஜாக்கெட், டி-சட்டை, மறைப்பு வலை, அப்புறம் நம் தையல்காரரிடம் கொடுத்துத் தைக்க ரோல் துணி.

ஒரு ஏஜெண்டிடம் கேட்டேன். "எல்லாம் ஆர்மி உடுப்புதானே, 6211 என்ற சுங்க எண்ணில் ஒன்றாகப் போட்டுவிடலாம், வேலை சுலபம்" என்கிறார். சீனாக்காரர் அனுப்பிய இன்வாய்ஸில் பத்து இலக்கத்தில் ஒரு எண் இருக்கிறது, அதுவும் எல்லாச் சாமானுக்கும் ஒரே எண். இதற்கு நடுவில் நண்பர் ஒருவர், செலோரெங் கொண்டுவர பெர்மிட் வேண்டும், இல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் போய்விடும் என்று பயமுறுத்துகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங்வாசி எழுதியது:
நண்பர் சொல்வதுதான் சரி. ராணுவ உடுப்பு விற்பதே குற்றம். பேசாமல் டிரெக்கிங் சிலுவார் கறுப்பிலும் சாம்பலிலும் வாங்கி விற்றுப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
தம்பி, பெர்மிட் விஷயம் வேறு, கோட் விஷயம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் கோட் எண்ணைப் பார்ப்போம்.

எச்எஸ் பட்டியல், அதாவது எந்தச் சரக்குக்கு எந்தச் சுங்க எண் என்று சொல்கிற பட்டியல், உலகச் சுங்க அமைப்பு போட்டது, 1988-ல் இருந்து நடப்பில் இருக்கிறது, இப்போது ஓடுவது 2022 பதிப்பு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பிறகு வருவது அந்தந்த நாட்டின் விருப்பம். நாம் மலேசியாவில் ஏசியான் எட்டு இலக்கத்தை எடுத்து, கடைசியில் இன்னும் இரண்டு சேர்த்துப் பத்து இலக்கமாக வைத்திருக்கிறோம். சீனாக்காரர் கொடுத்த பத்து இலக்கம் அவருடைய ஏற்றுமதிக்கு, இல்லாவிட்டால் அமெரிக்க வாடிக்கையாளர் யாருக்கோ கொடுத்ததை அப்படியே உனக்கும் தள்ளியிருப்பார். அமெரிக்கப் பட்டியலில் தண்ணீர் தாங்கும் உடுப்புக்கு என்றே தனி எண்கள் உண்டு, 600 மில்லிமீட்டர் நீரழுத்தத்தில் இரண்டு நிமிடம் வைத்து ஒரு கிராமுக்கு மேல் உள்ளே கசியக் கூடாது என்று சோதனையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு விதி. இங்கே அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் கணினியே ஏற்காது.

இப்போது செலோரெங். எச்எஸ் பட்டியலில் செலோரெங்குக்கு என்று ஒரு எண்ணும் கிடையாது. ஏசியான் பட்டியலில் ஹஜ் யாத்திரைக்கு உடுத்துகிற இஹ்ராம் துணிக்குத் தனி எண் உண்டு, பாரம்பரிய பாத்தேக் முறையில் அச்சிட்ட துணிக்கு உண்டு, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக அச்சடித்ததற்கு இல்லை. பூப்போட்ட சட்டை எங்கே போகுமோ அதே இடத்துக்குத்தான் செலோரெங் சட்டையும் போகும். சுங்க அதிகாரி பார்ப்பது வேறு: பின்னலா நெசவா, என்ன இழை, பூச்சு உண்டா, எப்படி வெட்டித் தைத்திருக்கிறது. பின்னல் உடுப்பு என்றால் பட்டியலின் 61-வது அத்தியாயம், நெசவு என்றால் 62-வது. அத்தியாயத்துக்குள் வருகிற நான்கு இலக்க எண்ணைத் தலைப்பு என்போம். உன் டி-சட்டை 6109, சிலுவார் 6203, தொப்பி 6505. ஒரே வரியில் 6211 போடச் சொன்னவரிடம், டி-சட்டை எப்படி 62-க்குள் வந்தது என்று மட்டும் கேட்டுப் பார்.

செந்தூல் கடை எழுதியது:
அண்ணே, நன்றி. கேட்டேன். "இப்படித்தான் எப்போதும் போடுவோம், இதுவரை பிடித்ததில்லை" என்கிறார்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
கொள்கலன் வெளியே வந்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். சரக்கு விற்றுத் தீர்ந்து பல வருடம் கழித்துக்கூடத் தணிக்கைக்கு வந்து கணக்குப் புத்தகத்தைக் கேட்பார்கள். சுங்கத்துக்குக் கொடுக்கிற கே1 இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில் இறக்குமதியாளர் என்று இருப்பது உன் பெயர், அவருடையது இல்லை. 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 133-வது பிரிவு தவறான அறிவிப்பைப் பற்றியது, நேரம் கிடைத்தால் படித்துப் பார்.

முன்னாள் சிப்பாய், புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:
கெப்போங் நண்பருக்கு. விற்பதே குற்றம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. தண்டனைச் சட்டத்தின் 140-வது பிரிவு சொல்வது, ராணுவத்தில் இல்லாத ஒருவர், தன்னைச் சிப்பாய் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சிப்பாயின் உடை போன்ற உடையைப் போட்டால் குற்றம் என்பது. எண்ணம்தான் அங்கே முக்கியம். பாலிக் பூலாவில் டுரியான் பொறுக்குகிறவர் பழைய பச்சைச் செலோரெங் சிலுவார் போட்டுக்கொண்டு திரிகிறார், அவரை யார் சிப்பாய் என்று நினைக்கப்போகிறார்கள்?

ஆனால் நம் தரைப்படை இப்போது போடுகிற டிஜிட்டல் புலிக்கோடு மாதிரியை, அல்லது அதைப் பார்த்து அச்சடித்ததை, கடையில் தொங்கவிடாதீர்கள். சட்டத்தில் எந்த வரி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு எவனாவது ரோட்டில் காரை நிறுத்திப் பணம் பறித்தால், எங்கே வாங்கினாய் என்ற கேள்வி நேராக உங்கள் கடைக்கு வரும். சின்னம், பதவிப் பட்டை, பெயர் நாடா எதுவும் வேண்டாம். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் மார்பாட் மாதிரியும் வேண்டாம், 2002-ல் வந்தது, அச்சுக்குள்ளேயே கழுகும் உருண்டையும் நங்கூரமும் பொடிப் பொடியாக ஒளிந்திருக்கும், காப்புரிமை வேறு வாங்கி வைத்திருக்கிறார்கள். மல்டிகாம் என்ற கம்பெனி மாதிரியின் பெயர் போட்டு மலிவாக வருவதும் பெரும்பாலும் போலி. 1981-ல் வந்த பழைய வுட்லாண்ட் மாதிரி இருக்கிறதே, நான்கு நிறத்தில், உலகம் முழுக்கச் சந்தையில் கிடைப்பது, அதை எடுங்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
ஐயா சொன்னதோடு பெர்மிட் பக்கத்தையும் முடித்துவிடுகிறேன். இறக்குமதித் தடை ஆணையில் உடுப்பு சம்பந்தமாக எங்கள் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற வரி, குண்டு துளைக்காத அங்கி, எஃகுத் தலைக்கவசம், தாக்குதலில் இருந்து காக்கிற உடுப்பு ஆகியவற்றுக்கு உரிமம் கேட்கிறது. காக்கிற வேலையைச் செய்கிற பொருளைப் பற்றிய வரி அது. தகடு செருகுகிற பை வைத்த சட்டைக்கை இல்லாத அங்கியைச் சீனாக்காரர்கள் பெயிண்ட்பால் சாமானோடு சேர்த்து "இலவசம்" என்று உள்ளே போட்டு அனுப்புவார்கள், தகடு இல்லாவிட்டாலும் பரிசோதனையில் அது கண்ணில் பட்டால் அன்று முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடு. துப்பாக்கி மாதிரி பொம்மைகளும் அப்படியே, உரிமம் இல்லாமல் தொடாதே.

கோட் உறுதியானதும் சுங்கத்துறையின் ஈஸிஎச்எஸ் தளத்தில் போட்டுப் பார்த்து, வரி விகிதத்தையும் தடை ஆணைப் பட்டியலையும் அன்றைய தேதியில் சரிபார்த்துக்கொள். ஆணையைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், மூன்று வருடம் முன்னால் யாரோ இங்கே எழுதியதை நம்பிக் காசைப் போடாதே.

மஸ்ஜித் இந்தியா துணிக்கடை எழுதியது:
ரோல் துணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் இதே வேலையில்தான் இருக்கிறேன், செலோரெங் ரோல் வருடா வருடம் எடுக்கிறேன், பள்ளிக் கேடட் படைக்குத் தைக்கிறவர்களும் திரைச்சீலை தைக்கிறவர்களும் வாங்குகிறார்கள். திரைச்சீலைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், பையன்கள் அறைக்கு இப்போது அதுதான் மவுசு.

ரோல் துணியில் கிராம்தான் உயிர். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்று சப்ளையர் எழுதித் தராமல் கையெழுத்துப் போடாதே தம்பி. பாலியெஸ்டர் 65, பருத்தி 35 என்ற கலவைதான் பெரும்பாலும் வரும். அது 170 கிராம் வரை என்றால் 5513, அதற்கு மேல் என்றால் 5514. சிலுவார் தைக்கிற கனத் துணி 200 கிராமுக்கு மேல் இருக்கும், சாய்கோடு தெரிகிற ட்வில் நெசவு, அச்சிட்டது, ஆக 5514.42. முழுப் பருத்தி, அல்லது பருத்தி 85 சதவீதத்துக்குக் குறையாதது என்றால் எல்லைக்கோடு 170 இல்லை, 200. அதற்குள் 5208, தாண்டினால் 5209. எனக்குத் தெரிந்த ஒருவர் மாதிரித் துண்டு வாங்கும்போது 195 கிராம், சரக்கு வரும்போது 210. ஆய்வகத்தில் வெட்டி எடை போட்டார்கள். அவர் சப்ளையரைத் திட்டினார், சப்ளையர் நூலைத் திட்டினார், கோட் மாறினது மாறினதுதான்.

அப்புறம் நைலான் பாதி பருத்தி பாதி ரிப்ஸ்டாப், அதாவது கிழிசல் பரவாத கட்ட நெசவு. அமெரிக்க ராணுவத் துணி அந்தக் கலவை, அதனால் அதற்கு ஒரு மயக்கம் நம் பையன்களுக்கு. சரிபாதி என்றால் எந்த இழை எடையில் கூடுதல் என்று சொல்ல முடியாது இல்லையா, அப்போது பட்டியலில் எண் வரிசையில் கடைசியாக வருகிற தலைப்பு எதுவோ அதற்குப் போகும். பருத்தி 52-வது அத்தியாயம், செயற்கை இழை 55, ஆகவே 55 ஜெயிக்கும். 51-க்கு 49 என்று லேபிளில் பருத்தியைக் கூட்டிப் போட்டால் கதை மாறும், சில சப்ளையர்கள் அப்படிப் போட்டுத் தரவா என்று அவர்களே கேட்பார்கள். ஆய்வகத்தில் கரைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும், அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னொன்று, அச்சடித்த துணியும் நிற நூலால் நெய்த துணியும் ஒன்றில்லை. செலோரெங்கை நெசவிலேயே கொண்டுவந்தால் அது பல நிற நூல் துணி, அச்சுத் துணி எண்ணுக்குள் வராது. துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும், பின்பக்கம் வெளிறியிருந்தால் அச்சு.

செந்தூல் கடை எழுதியது:
அக்கா, இவ்வளவு இருக்கிறதா! சப்ளையரிடம் கிராம் கேட்டு எழுதிவிட்டேன். சட்டை சிலுவார் ஜோடிக்கு ஒரு சந்தேகம். ஒரே நெகிழிப் பையில் சட்டை, சிலுவார், தொப்பி மூன்றும் மடித்து வருகிறது. இதை ஒரு செட் என்று ஒரே கோட்டில் போடலாமா? அளவு எல்லாம் பொது அளவு, ஆணும் பெண்ணும் போடலாம் என்று விளம்பரம்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
இங்கேதான் ருசியே.

முதலில் தொப்பி. துணிமணிப் பிரிவில் வெவ்வேறு தலைப்புக்குப் போகிற உடுப்புகளை ஒரே பையில் போட்டு விற்றாலும் தனித்தனியாகத்தான் வகைப்படுத்த வேண்டும். தொப்பி அந்தப் பிரிவிலேயே இல்லை, 65-வது அத்தியாயம். அதைப் பையில் இருந்து எடுத்து வேறாக எண்ணி, வேறாக விலை போடச் சொல்.

மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் ஒரே துணி, ஒரே நிறம், ஒரே கலவை, அளவும் பொருந்துகிறது, சில்லறைக்கு என்றே சேர்த்துக் கட்டியது: இப்படி இருந்தால் 6203-க்குள்ளேயே ஜோடி உடுப்பு என்று ஒரு இடம் உண்டு, பருத்திக்கு 6203.22, செயற்கை இழைக்கு 6203.23. சட்டை ரிப்ஸ்டாப், சிலுவார் ட்வில் என்று துணி மாறினால் ஜோடி உடைந்துவிடும். மீடியம் சட்டையோடு டபுள் எக்ஸ்எல் சிலுவார் கட்டினாலும் உடையும்.

இப்போது சட்டையில் பாக்கெட்டைப் பார். பழைய அமெரிக்க மாதிரிச் சட்டையில் நான்கு பாக்கெட், மார்பில் இரண்டு, இடுப்புக்குக் கீழே இரண்டு. 2022 பதிப்பில் 62-வது அத்தியாயத்துக்கு ஒரு புதுக் குறிப்பு சேர்த்தார்கள்: இடுப்புக்குக் கீழே பாக்கெட் இருந்தால், அடியில் இறுக்குகிற பட்டையோ நாடாவோ இருந்தால், அது 6205 சட்டையும் இல்லை, 6206 பிளவுசும் இல்லை. பின்னல் உடுப்புக்கு இந்த விதி முன்பே இருந்தது, நெசவுக்கு 2022-ல்தான் வந்தது. ஆக நீ சட்டை என்று சொன்னாலும் பட்டியல் அதைச் சட்டையாக எடுத்துக்கொள்ளாது. தனியாக வந்தால் ஜாக்கெட்டாக 6203-லா, மற்ற உடுப்பாக 6211-லா என்று பார்க்க வேண்டும். புது மாதிரியில் மார்பிலும் கையிலும் மட்டும் பாக்கெட், கீழே இல்லை, அது 6205-க்குப் போக வாய்ப்பு உண்டு. இரண்டு பாக்கெட் இருக்கிறதா இல்லையா என்பதில் தலைப்பே மாறிவிடுகிறது. அதனால்தான் முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறோம், வேலை இல்லாமல் இல்லை.

பொது அளவு என்கிறாயே, அதுவும் வம்புதான். முன்பக்கம் இடது பக்கத் துணி வலது பக்கத்தின் மேல் வந்து மூடினால் ஆண் உடுப்பு, வலது இடதின் மேல் வந்தால் பெண் உடுப்பு. வெட்டைப் பார்த்தாலே ஆணுக்கு அல்லது பெண்ணுக்கு என்று தெளிவாகத் தெரிந்தால் இந்த விதி தேவையில்லை. இரண்டும் இல்லை, எப்படியும் சொல்ல முடியவில்லை என்றால் பெண்கள் தலைப்புக்குப் போகும். உன் சரக்கில் இடது மேலே வந்து பித்தான் மூடினால் விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் ஆண் உடுப்பு. இடுப்பில் எலாஸ்டிக் போட்டு, முன்பக்கம் திறப்பே இல்லாத சிலுவார் என்றால் பெண்கள் 6204-க்குப் போய் நிற்கும், முழுக்க ஆண்கள் வாங்கினாலும் சரி.

தஞ்சோங் பூங்கா மலையேறி எழுதியது:
சிரிக்காமல் என்ன செய்வது, பெயிண்ட்பால் விளையாடுகிற பெரிய மீசைக்காரர் பெண்கள் சிலுவாரில் ஓடிக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாது. மழை ஜாக்கெட் பற்றிச் சொல்லுங்கள், நான் அதற்குத்தான் காத்திருக்கிறேன். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் மழையில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் புகாது என்று விற்ற ஜாக்கெட்டில் முழுக்க நனைந்து வந்தேன். அந்த ஒட்டுத்துணிக்கும் வரி கட்டித்தான் கொண்டு வந்திருப்பார்கள்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
நனைந்தீர்களா இல்லையா என்பதைப் பட்டியல் கேட்காது. கண்ணுக்குத் தெரிகிறதா என்று கேட்கும். துணியில் பிளாஸ்டிக் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் அது 5903 துணி, அதில் தைத்த ஜாக்கெட் 6210. தெரியாவிட்டால் சாதாரணத் துணி, 6201. நிறம் மட்டும் மாறியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நெசவின் இழைக் கட்டம் மூடி, பளபளப்பாக ஒரு தோல் மாதிரி தெரிந்தால் பூச்சு. நூல் நூலாகத் தெளிவாகத் தெரிந்து, தண்ணீர் விட்டால் மட்டும் உருண்டு ஓடினால் அது தண்ணீர் விலக்கும் திரவத்தில் முக்கி எடுத்தது, பூச்சு என்று எண்ண மாட்டார்கள். இரண்டுக்கும் போகக்கூடிய உடுப்பு என்றால் 6210-தான் எடுத்துக்கொள்ளும், அத்தியாயக் குறிப்பிலேயே இருக்கிறது.

துணியே இல்லாத, வெறும் பிளாஸ்டிக் படலத்தில் செய்த மழைப் போர்வை 39-வது அத்தியாயம், 3926.20. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சில ரிங்கிட்டுக்கு விற்கிறார்களே, அது. செலோரெங் தார்ப்பாயும் வாங்குவதாக இருந்தால் கவனம், துணியின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி கண்ணுக்குத் தெரிந்தால் அது துணிமணிப் பிரிவை விட்டே வெளியே போய் 39-க்கு வந்துவிடும். 6306 தார்ப்பாய் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள்தான் அதிகம்.

லோரோங் கூலிட் பண்டல் எழுதியது:
எதற்கு இவ்வளவு தலைவலி? பழைய துணி என்று 6309-ல் போட்டு மூட்டையாக இறக்கு. நாங்கள் ஜப்பான் பண்டல் அப்படித்தான் எடுக்கிறோம்.

மஸ்ஜித் இந்தியா துணிக்கடை எழுதியது:
நீங்கள் எடுப்பது உண்மையிலேயே பழசு. தம்பி எடுப்பது புதுசு, பையோடு, அட்டையோடு. 6309-க்கு இரண்டு நிபந்தனை சேர்ந்து இருக்க வேண்டும்: நன்றாக உடுத்திய தேய்மானம் தெரிய வேண்டும், மூட்டை அல்லது சாக்கு மாதிரி மொத்தமாகக் கட்டி வர வேண்டும். கிடங்கில் இருபது வருடம் கிடந்த ராணுவ மிச்சச் சரக்காக இருந்தாலும், உடுத்தாதது என்றால் புதுசுதான்.

லோரோங் கூலிட் பண்டல் எழுதியது:
சரி சரி, யோசனைதான் சொன்னேன். ஆனால் ஜெர்மன் ராணுவப் பழைய ஜாக்கெட் மூட்டையில் வரும்போது கொடிச் சின்னம் தைத்தபடியே வருகிறது, நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் தொங்கவிடுகிறேன். ஐயா மேலே சொன்னது நியாயம்.

பாலிக் பூலாவ் ஹோம்ஸ்டே எழுதியது:
நான் வலைக்காக வந்தேன். எங்கள் ஹோம்ஸ்டேயில் வெளியே சாப்பிடுகிற இடத்துக்கு மேலே நிழலுக்கு இந்த மறைப்பு வலை போட்டிருக்கிறோம், பார்க்க நன்றாக இருக்கிறது, காற்றும் வருகிறது. அடுத்த தடவை நானே நேராக வாங்கலாமா? அதற்கு ராணுவப் பெர்மிட் ஏதாவது உண்டா?

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
உங்கள் வலை நிழல் தருகிற அலங்கார வலை. 5608 தலைப்பின் விளக்கக் குறிப்பில் மீன் வலை, பாதுகாப்பு வலை, ஊஞ்சல் படுக்கை இவற்றோடு மறைப்பு வலையின் பெயரையே எழுதியிருக்கிறார்கள், செலோரெங் சாமானில் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். செயற்கை நூல் என்றால் 5608.19. ஆனால் வலை என்று விற்பதெல்லாம் வலை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு துணியை இலை இலையாக வெட்டி, இழுத்தால் விரிகிற மாதிரி செய்து, அடியில் முடிச்சு வலையே இல்லாமல் அனுப்புகிறார்கள். அது 5608 இல்லை, 63-வது அத்தியாயத்துக்குள் தேட வேண்டும். பிளாஸ்டிக் இலையும் கொடியும் கட்டி வேலி மாதிரி வருவது செயற்கை இலைத்தழை, 6702. பொருளைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முன்னாள் சிப்பாய், புக்கிட் மெர்தாஜாம் எழுதியது:
ராணுவ வலைக்கும் இந்த வலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பச்சை இலை, நம் கண் பார்க்காத அகச்சிவப்புக்கு அருகில் இருக்கிற ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். இரவுக் கண்ணாடியில் காடு வெளிச்சமாகத் தெரியும், அதன் நடுவில் சாயம் சரியில்லாத உடுப்பு ஒன்று கரியாகவோ வெள்ளையாகவோ தனியாக நிற்கும். அதற்காகவே சாயத்தைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு நிறத்துக்கும் அளவு வைத்து அச்சடிப்பார்கள். வெள்ளை கூட்டுகிற சோப்புத்தூளில் துவைக்கக் கூடாது, கஞ்சி போடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சந்தையில் கிடைக்கிற பாலியெஸ்டர் அச்சை வீட்டு வாசலில் இருக்கிற இரவுக் கேமராவில் பாருங்கள், பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே வெளுப்பாகத் தெரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், ராணுவத்துக்கு என்றே தயாரித்த, ரேடாரிலும் அகச்சிவப்பிலும் தெரியாமல் மறைக்கிற பொருள்கள் ஆயுதக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் இருக்கின்றன. நம் 2010-ஆம் ஆண்டு வியூக வணிகச் சட்டம் அவற்றைப் பிடிக்கும்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
ஆமாம் ஐயா, ஆனால் அந்தச் சட்டம் வெளியே அனுப்புவதையும், நம் துறைமுகத்தில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றுவதையும், நாட்டைக் கடந்து போவதையும், தரகையும் பற்றியது. ஹோம்ஸ்டேக்கு வலை வாங்குகிறவரைத் தொடாது. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு அப்படிப்பட்ட வலையை வாங்கி மூன்றாவது நாட்டுக்கு மாற்றிவிடுகிற தரகர்தான் பயப்பட வேண்டும்.

தம்பி, ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்கிற எண்ணம் இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். பார்படோஸ், டிரினிடாட், ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் செலோரெங் போடவே கூடாது, சின்னப் பிள்ளைகளும் சேர்த்து. உல்லாசக் கப்பலில் போகிறவர்களிடமே கழற்றி வாங்கிவிடுகிறார்கள். பார்சல் போய்ச் சேராது.

செந்தூல் கடை எழுதியது:
வெளிநாடெல்லாம் இல்லை அண்ணே, செந்தூலைத் தாண்டினால் போதும். சரக்கு சீனாவில் தயாரானது என்று காட்டுகிற ஃபார்ம் ஈ சான்று இருந்தால் வரி இல்லை என்கிறார்களே, அது உண்மையா? திருப்பூரில் இருந்து டி-சட்டை எடுத்தால் அதற்கும் உண்டா?

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
சீனாவுக்கு ஃபார்ம் ஈ, ஏசியான் நாடுகளுக்கு ஃபார்ம் டி, இந்தியாவுக்கு ஃபார்ம் ஏஐ. பெரும்பாலான துணிமணிக்குச் சலுகை கிடைக்கும், சுங்கவரி விழாது அல்லது குறையும். விற்பனை வரி வேறு, அது இதனால் போகாது, சரக்கு மதிப்பும் கப்பல் கூலியும் காப்பீடும் சுங்கவரியும் சேர்ந்த தொகை மேல் அதைக் கணக்குப் போடுவார்கள்.

ஆனால் ஃபார்ம் ஈ-யில் எழுதியிருக்கிற கோட்டும் கே1-ல் இருக்கிற கோட்டும் முதல் ஆறு இலக்கத்தில் ஒத்துப்போக வேண்டும். உன் சப்ளையர் எல்லாவற்றுக்கும் 6211 என்று ஃபார்ம் ஈ எடுத்துவிட்டு, இங்கே நாம் சரியாகப் பிரித்துப் போட்டால் சலுகை கேள்விக்குறி. அதனால் கோட் எண்ணை நாம் இங்கே முடிவு செய்து, அவர் ஃபார்முக்கு விண்ணப்பிக்கும் முன் அனுப்பிவிட வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு ஃபார்மைத் திருத்தச் சொன்னால் அவர் போனை எடுக்கமாட்டார். விலைச்சீட்டு ஹாங்காங் கம்பெனி பெயரில் வருகிறதா என்றும் பார், மூன்றாம் தரப்பு இன்வாய்ஸ் என்று ஃபார்மில் குறித்திருக்க வேண்டும்.

தஞ்சோங் பூங்கா மலையேறி எழுதியது:
ஷாப்பியில் ஒன்று இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டு மொத்தமாக இறக்கலாமே? அதற்கு இவ்வளவு படிவம் இல்லையே.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
மாதிரிக்கு நல்லதுதான். 500 ரிங்கிட்டுக்குள் வெளிநாட்டில் இருந்து ஆன்லைனில் வாங்குவதற்கு 2024 ஜனவரி 1 முதல் பத்து சதவீத விற்பனை வரி, தளத்திலேயே பிடித்துவிடுவார்கள். மாதிரி கையில் வந்ததும் தம்பி, சட்டையின் கீழ்ப் பாக்கெட்டைப் படம் எடுத்துப் போடு.

செந்தூல் கடை எழுதியது:
சப்ளையர் பதில் வந்துவிட்டது. ரோல் துணி பாலியெஸ்டர் 65 பருத்தி 35, ட்வில், 220 கிராம். சட்டையும் சிலுவாரும் அதே துணி. இடது மேலே வந்து மூடுகிறது, சட்டையில் நான்கு பாக்கெட், கீழே இரண்டு. மழை ஜாக்கெட் உள்பக்கம் வெள்ளையாக மெழுகு பூசிய மாதிரி பளபளப்பு, நூல் கட்டம் தெரியவில்லை. டி-சட்டை பருத்திப் பின்னல். வலையில் அடியில் முடிச்சு வலை இருக்கிறது, படமும் அனுப்பியிருக்கிறார். தொப்பியைத் தனியாகக் கட்டித் தருகிறேன் என்கிறார், அதற்கு மேல்கூலி கேட்கிறார்.

பட்டர்வர்த் ஏஜெண்ட் எழுதியது:
மேல்கூலியைக் கொடுத்துவிடு. ரோல் 5514.42, ஜோடி 6203.23, ஜாக்கெட் தலைமூடி வைத்த அனோராக் வகைதானே, 6210.20, டி-சட்டை 6109.10, தொப்பி 6505, வலை 5608.19. ஜோடியில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை, சட்டையையும் சிலுவாரையும் பிரித்துப் பிரித்து விற்கும் எண்ணம் இருந்தால் அதைச் சில்லறைக்குக் கட்டிய ஜோடி என்று சொல்லக் கூடாது. அதற்கு மாதிரியோடு சுங்கத்துறையிடம் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்டு விண்ணப்பம் போடு, சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது, எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த கொள்கலனுக்கும் ஆகும். கடைசி நான்கு இலக்கத்தை உன் ஏஜெண்ட் ஈஸிஎச்எஸ்ஸில் பார்த்துப் போடட்டும், இந்த வேலையாவது அவர் செய்யட்டும்.

செந்தூல் கடை எழுதியது:
பிரித்துத்தான் விற்பேன் அண்ணே, மேலே மீடியம் கீழே லார்ஜ் என்று கேட்கிறவர்கள்தான் பாதிப் பேர். அப்படியானால் பையில் சேர்த்துக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், சிலுவார் 6203.43, சட்டைக்கு மட்டும் தீர்ப்புக் கேட்கிறேன்.

தஞ்சோங் பூங்கா மலையேறி எழுதியது:
சிலுவார் இடுப்பு 42 வருமா? வந்தால் எனக்கு இரண்டு எடுத்து வைக்கவும், பினாங்குக்கு போஸ் லாஜு செலவு நான் தருகிறேன்.